நாலு விரல் வெடிப்பு

லோகேஸ்வரன் செய்த காரியத்துக்கு வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. வெயில் எப்போதும் போலத் தன் பாட்டுக்குத்தான் அடித்தது. ஜொகூர் பாரு எல்லைச் சுங்கச்சாவடிப் பக்கம், நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத நிறுத்துமிடமாகத் தேடிப் பிடித்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை காரை அங்கே வேக வைத்தது அவன்தான்.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வேலை முடிந்து, பாலத்தைத் தாண்டி வந்து கார்க் கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அறைந்தது. அவனுக்கு அது சந்தோஷமாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்லாக் காஞ்சிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். உள்ளே, முழுக்கச் சாய்த்த முன்னிருக்கையில், ஆளுயர வில் கட்டை ஒன்று படுத்திருந்தது. அதற்கு சீட் பெல்ட்டும் போட்டிருந்தான்.

கட்டையின் ஒரு முனையில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. ஏதோ நூல் ஒட்டியிருக்கிறதென்று விரலால் தட்டினான். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தான். கோடு எச்சிலைக் குடித்தது.

"ஐயோ, அலமாக்!"

பக்கத்தில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டிருந்தவர், தன்னைத்தான் சொல்கிறானோ என்று திரும்பிப் பார்த்தார்.

முனையிலிருந்து உள்ளே நாலு விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. லோகேஸ்வரன் கையை வைத்து அளந்தான். பிறகு கொஞ்சம் ஒல்லியான விரல்களாக வைத்து இன்னொரு தடவை அளந்தான். அப்போதும் நாலு விரல்தான்.

கட்டை அவனுடையதாக இருந்திருந்தால் அங்கேயே ஒரு கெட்ட வார்த்தையோடு விஷயம் முடிந்திருக்கும். அது அவன் மனைவி மீனலோசனியின் அண்ணன் விஜயேந்திரனுடையது. மீனா வீட்டார் சிலோன் தமிழர்கள். தாத்தா ரயில்வே, அப்பா தபால் இலாகா, அண்ணன் நில அளவையில் முப்பத்தைந்து வருஷம். லோகேஸ்வரனின் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பெண் கேட்டுப் போனபோது விஜயேந்திரன் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றார். இரண்டு வருஷம் பார்த்தார். கடைசியில் மீனாவே கல்யாணத்தைப் பதிந்துவிட்டு வந்து சொன்னாள். அதற்கும் அவர், "ம்... பாப்பம்," என்றாராம். இதற்குமேல் என்ன பார்ப்பது என்று லோகேஸ்வரனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆயிற்று இருபத்திரண்டு வருஷம். போகும்போதெல்லாம் தேநீர் வரும், பிஸ்கட் வரும், "வேலை எப்பிடிப் போகுது, லோகேஸ்வரன்?" என்ற கேள்வி வரும். ஊரே அவனை லோகா என்று கூப்பிட, முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர். போலீஸ்காரர்கூட அடையாள அட்டையைப் பார்த்துத்தான் அப்படிக் கூப்பிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன் மனைவி தவறிப்போன பிறகு விஜயேந்திரன் வில் செய்ய ஆரம்பித்தார். மகன் மெல்போர்னில். உலு திராம் மூலைவீட்டில் அவரும் நாலு அரமும் ஒரு சீவுளியும். மூன்று வில் செய்தார். நாலாவதை அம்மன் கோயிலுக்கென்று ஆரம்பித்தார். விஜயதசமியன்று சாமி குதிரை வாகனத்தில் வந்து நிற்கும்போது ஐயர் நாலு திசைக்கும் அம்பு விடுவார் அல்லவா? வழக்கமாக அதற்கு ஒரு பிரம்பை வளைத்து ஜிகினா சுற்றி வைத்திருப்பார்கள். அம்பு வாகனத்தின் குளம்படியிலேயே விழுந்து விளையாட்டுக் காட்டும். அம்பாளுக்கு உண்மையான வில் வேணும் என்று கமிட்டியில் சொல்லி, ஹிக்கரி மரக்கட்டை வரவழைத்து, கைப்பிடி செதுக்கி, மேல் கரத்தைச் சீவி, கீழ்க் கரம் பாதியில் நிற்கும்போது அவருக்கு வலது தோள்பட்டை இறுகிக்கொண்டது. சர்க்கரை வியாதி. கையை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தக் கட்டையைத் தூக்கி லோகேஸ்வரன் கையில் கொடுத்தார். தீபாவளி வேட்டியைத் தவிர அவர் கையிலிருந்து அவன் வாங்கிய முதல் பொருள்.

"கீழ்க் கரம் இன்னும் கொஞ்சம் விறைப்பு. சீவாதேங்கோ, சுரண்டினாக் காணும். எங்கட காத்தில மரம் ஈரத்தைக் குடிச்சுக்கொண்டே இருக்கும், ஆறுதலாக் காய வையுங்கோ. முனைக்குப் பூசியிருக்கிறதைத் தொடாதேங்கோ. சனிக்கிழமையில கொண்டாந்து காட்டுங்கோ."

லோகேஸ்வரன் பக்தியோடுதான் கேட்டான். ஆனால் மூன்றாவது வாக்கியத்தில், மச்சான் தன்னிடம் சேர்ந்தாற்போல் மூன்று வாக்கியம் பேசுவது இதுவே முதல் தடவை என்ற ஆச்சரியம் வந்து காதை அடைத்துவிட்டது. முனை பற்றிய நாலாவது வாக்கியம் அந்த ஆச்சரியத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

மூன்று சனிக்கிழமை கொண்டுபோய்க் காட்டினான். மூன்று தடவையும் அவர் விரலை ஓட்டிப் பார்த்து, "பரவாயில்லை," என்றார். அந்த ஒரு சொல்லை அவன் உலு திராமிலிருந்து மாசாய்வரை சுமந்து வந்து மீனாவிடம் இறக்கி வைத்தான். புகழ்ச்சி தலைக்கேறியது. தொழிற்சாலையில் அவன் தர ஆய்வாளன்; அழுக்கு கண்டால் கை நிற்காது. கட்டையின் இரண்டு முனையிலும் மெழுகு போலப் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. தின்னர் போட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினான். கீழ்க் கரம் இன்னும் காயவில்லை போலிருந்ததால், மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுக் காரை எடுத்துப் போய் வெயிலில் நிறுத்தினான். முனை வழியாக மரம் வேகமாகக் காய்ந்து வெடிக்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்த மெழுகே பூசியிருந்தது என்பதை அன்று இரவு கைப்பேசியில் படித்துத் தெரிந்துகொண்டான். அறிவு என்பது அவனுக்கு எப்போதும் கடைசி பஸ்ஸில்தான் வரும்.

மறுநாள் மாசாய் ஹார்ட்வேர் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் கட்டையை நீட்டினான். இதை ஒட்டினால் நிற்குமா?

"போலே, போலே. நிக்கும்," என்று தவுக்கே சூப்பர் குளூவை எடுத்து வைத்தார்.

"வளைச்சாலும் நிக்குமா? வளைச்சு இழுப்பாங்க."

"போலே லா."

ஒட்டினான். மரத்தூள் தூவித் தேய்த்தான். வெடிப்பு கண்ணுக்கு மறைந்தது, மனசுக்கு மறையவில்லை. அதன்மேல் சிவப்பு நூலை வரிசையாகச் சுற்றினான். ஒரு முனைக்கு மட்டும் சுற்றினால் சந்தேகம் வரும் என்று, ஒரு பாவமும் அறியாத மறுமுனைக்கும் சுற்றினான்.

பாலம் தாண்டி வேலைக்குப் போகிற பஸ்ஸில் கனகராஜிடம் கேட்டான். கனகராஜ் பிளாஸ்டிக் அச்சுப் பிரிவில் பத்து வருஷம் இருந்தவன், எது உடையும் எது உடையாது என்று தெரிந்தவன்.

"ஒருத்தரு ஒரு வில்லு செஞ்சிருக்காரு. முனையில வெடிப்பு. ஒட்டியிருக்காரு. இழுத்தா ஒடியுமா?"

"யாருலா அந்தப் பைத்தியக்காரன்?"

"என் ஃபிரண்டு."

"ஒடிஞ்சா யாரு மூஞ்சியில அடிக்கும்?"

"இழுக்கிறவரு."

"உன் ஃபிரண்டா இழுக்கப் போறான்?"

"இல்ல. கோயில் ஐயரு."

கனகராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "சாமி விட்ட வழி லா," என்றான். அடுத்த நாளிலிருந்து வேறு இருக்கையில் உட்கார்ந்தான். சாட்சிக்குக் கூப்பிட்டுவிடுவான் என்று பயந்தானோ என்னவோ.

அந்தச் சனிக்கிழமை லோகேஸ்வரன் உலு திராமுக்குப் போகவில்லை. தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று போனில் சொன்னான். அடுத்த சனிக்கிழமை வயிற்றுப்போக்கு என்றான். இரண்டுக்கும் மறுமுனையில் விஜயேந்திரன், "சரி. பாப்பம்," என்று வைத்துவிட்டார்.

மீனா சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டாள். அவளுக்கு வெடிப்பு தெரியும். வீட்டுக்குள் ஆறடிக் கட்டைக்கு நூல் சுற்றுகிற கணவனை எவ்வளவு நாள் கண்டுகொள்ளாமல் இருக்க முடியும்?

"வயித்துப்போக்குன்னு சொல்ல வெக்கமா இல்ல? இப்பதான ரெண்டு தட்டு நாசி லெமாக் சாப்பிட்டீங்க."

"நீ சொல்லு மீனா. ஒடியுமா?"

"நான் பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லித் தர்றவ. அண்ணாகிட்ட கேளுங்க."

"கேக்குறேன்."

"எப்ப?"

"பார்ப்போம்."

"நல்லாருக்கு. எங்க வீட்டு வியாதி உங்களுக்கும் ஒட்டிக்கிச்சு." கரண்டியை அவன் பக்கம் நீட்டினாள். "செவ்வாய்க்கிழமை நவராத்திரி ஆரம்பம். அதுக்கு அடுத்த வார வியாழன் விஜயதசமி. அந்த ஐயர் பையனுக்கு ஏதாவது ஆச்சு, நான் உங்களோட சேர்ந்து ஜெயிலுக்கு வர மாட்டேன்."

ஜெயிலைக்கூட அவன் சமாளித்திருப்பான். வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயரே வந்து பிடித்துக்கொண்டதைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஐயர் கும்பகோணத்துப் பக்கம். முப்பது வயதுகூட ஆகவில்லை, சோளக்கொல்லைப் பொம்மைக்கு வேட்டி கட்டினது போன்ற உடம்பு. பிரசாதத் தொன்னையைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

"அண்ணா, வில்லு ரொம்ப வலுவா இருக்குமோ?"

"இல்ல சாமி. உங்களுக்கு ஏத்த மாதிரிதான்."

"யூடியூப்ல பார்த்தேன். நாணைக் கன்னம் வரைக்கும் இழுக்கணுமாமே?" இடது கையை நீட்டி, வலது கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக் காட்டினார். "ஆத்துல தினம் பழகறேன். அவளுக்கு எட்டாம் மாசம். ஊருக்கு வீடியோ அனுப்பணும்னு ஆசைப்படறா. அண்ணா, ஒண்ணும் ஆகாதே?"

லோகேஸ்வரன் அந்தக் கன்னத்தைப் பார்த்தான். திருநீற்றுக்குக் கீழே சரியாக மழிக்காத நாலு முடி இருந்தது. அதற்கு மேலே கண்.

"ஒண்ணும் ஆகாது சாமி," என்றான். அந்த நிமிஷம் தவுக்கேயின் குரல்தான் தன் வாயில் வருகிறது என்று அவனுக்கே தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் கட்டையோடு உலு திராமுக்குப் போனான். வழியெல்லாம் முதல் வாக்கியத்தைத் தயாரித்தான். 'மச்சான், ஒரு சின்ன விஷயம்.' சின்னதென்று சொன்னால் கோபப்படுவார். 'மச்சான், ஒரு பெரிய விஷயம்.' மீனாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடுவார். நடுத்தரமாக ஒரு விஷயம் இருக்கிறது என்று யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. வாக்கியம் முடிவதற்குள் வீடு வந்துவிட்டது.

விஜயேந்திரன் கார் நிறுத்தும் முகப்பில் எல்லாம் தயாராக வைத்திருந்தார். சுவரில் மார்பளவு உயரத்தில் ஒரு கட்டை. அதில் வில்லின் கைப்பிடியை உட்கார வைத்து, நாணில் கயிறு மாட்டி, கீழே தரையில் உள்ள கப்பி வழியாக எதிர்ப்பக்கம் கொண்டுவந்து இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க நாண் கீழே இறங்கும், இரண்டு கரமும் வளையும். எந்த இடம் விறைப்பு, எந்த இடம் தளர்வு என்று தள்ளி நின்று பார்த்து அடையாளம் வைத்து, இறக்கிச் சுரண்டி, மறுபடி ஏற்ற வேண்டும். நாண் எவ்வளவு இறங்கியது என்று தெரிய, சுவரில் அங்குலக் கோடுகள். நில அளவைக்காரரின் கோடுகள்; ஒரு மயிரிழை பிசகில்லை.

"வயிறு எப்பிடி?" என்றார்.

"பரவாயில்ல மச்சான்."

அவர் வில்லை வாங்கி, சிவப்பு நூலைத் தடவினார். "இது என்னத்துக்கு?"

"சாமி காரியம் இல்லையா... கொஞ்சம் வடிவா இருக்கட்டும்னு."

"ம்." வில்லைச் சுவரில் ஏற்றினார். "என்னால இழுக்கேலாது. நீங்க இழுங்கோ. நான் பாக்கிறன்."

லோகேஸ்வரன் கயிற்றைப் பிடித்தான். எட்டு அங்குலம், வில் முனகாமல் வளைந்தது. பத்து.

"மச்சான், மழை வர்ற மாதிரி இருக்கு."

"முகப்புக்குள்ளதானே நிக்கிறம். இழுங்கோ."

பன்னிரண்டு. விஜயேந்திரன் தள்ளி நின்று பார்ப்பதை விட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வில்லருகே போனார். கீழ்க் கரத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல நகர்ந்து மேல் கரத்து முனைக்கு வந்து, நூல் சுற்றிய இடத்திலிருந்து ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். நூலுக்கு அடியில் இருந்தது அந்த நாலு விரல்.

"மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"கிட்ட நிண்டாத்தான் எனக்குத் தெரியும். இன்னும் ரெண்டு அங்குலம்."

பதினாலு. லோகேஸ்வரனின் கைகள் இழுத்தன, கால்கள் ஓடப் பார்த்தன. அவருடைய கன்னமும் ஐயருடைய கன்னமும் மாறி மாறி வந்தன. வாய்க்குள், ஒட்டியாச்சு, ஒட்டியாச்சு என்று ஜபம் போலச் சொல்லிக்கொண்டான்.

பதினைந்தில், டிக் என்று ஒரு சத்தம். சுவர்ப்பல்லி சொல்வது போலச் சின்னச் சத்தம்தான்.

"மச்சான், தள்ளுங்க! தள்ளிப் போங்க!"

விஜயேந்திரன் திடுக்கிட்டுப் பின்வாங்கி, பூந்தொட்டியில் இடித்துக்கொண்டு நின்றார். லோகேஸ்வரன் கயிற்றை விட்டுவிடத் துடித்த கையை அடக்கி, ஒவ்வொரு அங்குலமாகத் தளர்த்தினான். வில் நிமிர்ந்த பிறகு கயிறு தரையில் விழுந்தது. அவனும் கிட்டத்தட்ட விழுந்தான்.

"வெடிச்சிருக்கு மச்சான். மேல் முனை. நான்தான். நீங்க பூசியிருந்த மெழுகை அழுக்குன்னு நெனச்சுத் தின்னர் போட்டுத் துடைச்சிட்டேன். கார்ல போட்டு நாள் பூரா வெயில்ல வச்சேன். ஓவர்டைம் எல்லாம் இல்ல, வயித்துப்போக்கும் இல்ல. சூப்பர் குளூ ஒட்டி நூல் சுத்தினேன். வடிவுக்கு இல்ல."

சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. வழியெல்லாம் தயாரித்த வாக்கியம் எதுவும் இதில் இல்லை.

விஜயேந்திரன் வில்லை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, நூலின் நுனியை நகத்தால் தேடி எடுத்து, சுற்றுச் சுற்றாகக் கழற்றினார். இடது கையால் கழற்ற வேண்டியிருந்ததால் நேரமெடுத்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன உருப்பெருக்கியை எடுத்து வைத்துப் பார்த்தார். பசை விட்டிருந்தது. வெடிப்பு அங்கேயேதான் இருந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

"ஒடியுமா மச்சான்?"

"பாப்பம்."

லோகேஸ்வரனுக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை.

"பாப்பம்னு சொல்லாதீங்க! இருபத்திரண்டு வருஷமா பாத்தாச்சு. வியாழக்கிழமை அந்த ஐயர் இதைக் கன்னத்துல வச்சு இழுக்கப் போறாரு. அவரு பொண்டாட்டிக்கு எட்டாம் மாசம். ஒண்ணும் ஆகாதுன்னு நேத்து அவருகிட்ட நான் சொல்லிட்டேன். என்னைத் திட்டுங்க, வெளிய போன்னு சொல்லுங்க. ஒடியுமா ஒடியாதா, அதை மட்டும் சொல்லுங்க!"

எதிர்வீட்டு நாய் குரைத்தது. தன் குரலா அவ்வளவு தூரம் போனது என்று லோகேஸ்வரனுக்கே பயமாகிவிட்டது.

விஜயேந்திரன் எழுந்து உள்ளே போனார். போனவர் வரவில்லை. மீனாவுக்குப் போன் போடுகிறாரா, இல்லை வழக்கம்போலத் தேநீர்தானா என்று யோசித்துக்கொண்டே அவன் தரையில் கிடந்த நூலைப் பொறுக்கிச் சுருட்டினான். திரும்பி வந்த அவர் கையில் ரம்பமும் பென்சிலும் அளவுகோலும் இருந்தன. வெடிப்பு முடியும் இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி ஒரு கோடு போட்டார். மறுமுனையிலும் அதே அளவுக்கு ஒரு கோடு.

"வெட்டுங்கோ."

"ரெண்டு பக்கமுமா?"

"ஒரு பக்கம் மட்டும் வெட்டினா வில்லா அது? வெட்டுங்கோ."

லோகேஸ்வரன் மரத்தைப் பெஞ்சில் முட்டி போட்டு அழுத்திக்கொண்டு அறுத்தான். ஹிக்கரி இரும்பு மாதிரி இருந்தது. முதல் துண்டு விழுந்ததும், அவர் வெட்டுமுகத்தை உருப்பெருக்கியால் பார்த்தார். எச்சில் தொட்டு வைத்து, துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவனிடமும் கொடுத்தார். கோடு எதுவும் இல்லை. அவன் நாலு தடவை பார்த்தான்.

"குட்டை வில். கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும்," என்றார். "நாண் மாட்டப் புதுசாக் காடி வெட்ட வேணும். இன்னும் நல்லாச் சுரண்ட வேணும். ஐயர் கன்னம் வரைக்கும் இழுக்கத் தேவையில்லை, நெஞ்சு வரைக்கும் காணும், நான் சொல்லுறன் அவருக்கு. நாளைக்கும் திங்களும் வரேலுமோ?"

"வர்றேன்."

மறுமுனையையும் அறுத்தான். மரத்தூள் அவன் முழங்கையெல்லாம் ஒட்டியது. பயம் இறங்கின இடத்தில் இப்போது வேறு ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் வாய் ஏற்கெனவே திறந்த வாய்.

"மச்சான், நான் எதைத் தொட்டாலும் இப்படித்தான். மீனா சொல்லியிருப்பா. தெப்ராவ்ல செல்லப்பன் இருக்கான், தச்சு வேலை தெரிஞ்சவன். கோயில் கதவே அவன் செஞ்சதுதான். அவன்கிட்ட குடுக்காம ஏன் என்கிட்ட குடுத்தீங்க?"

விஜயேந்திரன் வெட்டுமுகத்தில் ஒட்டியிருந்த தூளை ஊதினார். லோகேஸ்வரன் 'பாப்பம்' என்ற அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தான். வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி, அவனை நேராகப் பார்த்தார்.

"செல்லப்பன் ஒரு நாளில செய்து தந்திட்டுப் போயிடுவான்," என்றார். "நீங்க எண்டா முடியும்வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை வருவியள் எண்டு குடுத்தனான். ரெண்டு கிழமை நீங்க வரேல்லை. எனக்கு அது பெரிய கஷ்டமாப் போச்சு, லோகா."